ஜெசிந்தாவின் ஒருசந்தி

கார்மேல் மடம், செஞ்சி சாலை
11 ஜூன் 2023

என் ஜெசிந்தா அக்காவுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். நீயும் மாமாவும் இனியாவும் சுகம்தானே? உன் ஒற்றைத் தலைவலி குறைந்திருக்கிறதா? சூளையில் சுட்டுக்கொண்ட மாமாவின் கை ஆறிவிட்டதா? நான் நன்றாக இருக்கிறேன்.

சாகும்வரை மடத்தில் இருப்பேன் என்று நான் கொடுத்த நித்திய வார்த்தைப்பாட்டுக்கு நீ நம் பங்குக் கோயில் ஆட்களையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாய். கறுப்பு முக்காடு போட்டு முடிந்ததும் கூட்டத்தில் உன்னைத்தான் தேடினேன். அதற்குள் நீ பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாய் என்றார்கள். விருந்தில் நீ கைகூட நனைக்கவில்லை என்று வாசல் பார்க்கும் கொர்னேலியா சிஸ்டர் பிறகு சொன்னார். ஏன் அக்கா? பயணம் ஒத்துக்கொள்ளவில்லையா?

எனக்கு இப்போது சமையல் கட்டு வேலை. நேற்று சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். சாப்பாட்டு அறையில் யாரும் பேசக்கூடாது என்ற சட்டம் என்னைக் காப்பாற்றியது.

இனியா அன்று என் விரலைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஒரு பல் ஆடிக்கொண்டிருந்ததே, விழுந்துவிட்டதா? நாலாம் வகுப்பு டீச்சர் யார்? தனியாகச் சடை போட்டுக்கொள்கிறாளா? எழுது.

உன்னை தினமும் செபத்தில் நினைக்கும் தங்கை,
அமலி

•

விருத்தாசலம்
9 ஜூலை 2023

மதிப்புக்குரிய அருட்சகோதரி அவர்களுக்கு,

ஊரில் எல்லோரும் உன்னை இப்படித்தான் சொல்கிறார்கள், நானும் பழகிக்கொள்கிறேன். மடத்தில் அனைவரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே தலைவலி வரும், போகும். அவர் கை ஆறிவிட்டது. பல் விழுந்துவிட்டது.

நான் சாப்பிடாமல் வந்ததற்குக் காரணம் ஒன்றுமில்லை. பசி இல்லை.

உன் முக்காட்டுக்குப் பிறகு எனக்குப் பெயரே போய்விட்டது. தெருவில் நான் 'சிஸ்டரோட அக்கா.' சாமியார் பிரசங்கத்தில் உன்னைச் சொல்லி, நம் பங்கின் விளக்கு என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். விளக்கைப் பார்த்துவிட்டு விளக்கு வைத்த மாடத்தைப் பார்ப்பார்களே, அப்படி.

போன வாரம் பீங்கான் கம்பெனியில் நானும் பானுமதி அக்காவும் அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா ஜெசிந்தா, எம் பொண்ணுக்கு வரனே அமைய மாட்டேங்குது. நீ கொஞ்சம் சொல்லேன்."

"நான் வேண்டிக்கிறேங்க்கா" என்றேன்.

"நீ வேண்டறது இருக்கட்டும். ஒன் தங்கச்சிகிட்ட சொல்லு. அவங்கதான் சாமிகிட்டயே இருக்காங்க."

நான் கையிலிருந்த பொம்மையின் மூக்கை உடைத்துவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. மடத்துக்குப் போகிறேன் என்று முதலில் சொன்னவள் நான். அம்மா இறந்த வருடம். அப்பா சொன்னார், "ஒருத்தி வூட்ல இருந்து சம்பாரிச்சாத்தான் இன்னொருத்தி படிக்க முடியும்." நான் வீட்டில் இருந்தேன். நீ படித்தாய். படித்து முடித்துவிட்டு நீ போனாய்.

சரி, அது போகட்டும். எனக்குச் சில விவரம் வேண்டும். நீங்கள் எப்போது எழுந்திருக்கிறீர்கள்? எவ்வளவு நேரம் முழங்காலில் இருப்பீர்கள்? என்ன சாப்பிடுகிறீர்கள்? எதில் படுக்கிறீர்கள்? சுற்றி வளைக்காமல் எழுது.

ஜெசிந்தா

•

கார்மேல் மடம்
20 ஆகஸ்ட் 2023

அன்பு அக்கா,

அருட்சகோதரி என்று எழுதினால் கடிதம் வேறு யாருக்கோ வந்ததுபோல இருக்கிறது. அமலி என்றே எழுது. உன் உடம்பு எப்படி? மாமா, இனியா எல்லோரும் சுகமா? இங்கே ஒரு வாரமாகத் தூறல், எனக்கு லேசாகச் சளி, வேறொன்றுமில்லை.

நீ கேட்டதற்குப் பதில். விடியுமுன் எழுந்திருக்கிறோம், சீக்கிரமே படுத்தும் விடுகிறோம். கறி மீன் எப்போதும் கிடையாது. செப்டம்பரில் வரும் சிலுவைத் திருநாளிலிருந்து ஈஸ்டர் பாஸ்கா வரை ஒருசந்தி, அதாவது ஒருவேளைதான் முழுச் சாப்பாடு, மற்ற நேரம் கொஞ்சமாக. முடியாதவர்களுக்கு மடத்துத் தலைவியான மதர் விலக்குத் தந்துவிடுவார். பலகைக் கட்டிலில் வைக்கோல் மெத்தை, நன்றாகத் தூக்கம் வருகிறது. வெளியில் பேசிக்கொள்கிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை அக்கா.

பானுமதி அக்காவின் மகளுக்காக வேண்டிக்கொண்டேன். நீயும் வேண்டுகிறாய் என்று அவரிடம் சொல்.

விழுந்த பல்லை இனியா என்ன செய்தாள்? புதுப் பல் நேராக முளைக்கிறதா? அடுத்த மே மாதம் அவளுக்குப் புதுநன்மை, பூசையில் முதல்முறையாக அப்பம் வாங்குவாள் என்று கொர்னேலியா சிஸ்டர் சொன்னார், மறைக்கல்வி வகுப்பு தொடங்கிவிட்டதா? செப மந்திரங்களில் எதைச் சொல்லத் திணறுகிறாள்? நானாக இருந்தால் பாடிக் காட்டியே சொல்லிக்கொடுத்துவிடுவேன். இங்கே நாங்கள் பூசைக்கு அப்பம் சுடுகிறோம், வட்டமாக வெட்டியபின் மிஞ்சும் ஓரத்துண்டுகளை ஒரு பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன். மந்திரிக்காததுதான், பிள்ளைகள் தின்னலாம். அவளிடம் சித்தி கொடுத்தது என்று சொல்.

அமலி

•

விருத்தாசலம்
2 அக்டோபர் 2023

அமலிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டுகிறேன். என் உடம்பைக் கேட்காதே. அது இப்போது லேசாக இருக்கிறது.

சிலுவைத் திருநாளன்று தொடங்கிவிட்டேன். உங்கள் ஒருசந்தி எதுவோ அதேதான், ஆனால் 'மற்ற நேரம் கொஞ்சமாக' என்பது எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் ஒருவேளை மட்டும். நீங்கள் விடியுமுன் எழுந்தால் நான் அதற்கும் முன்னால் எழுந்துவிடுகிறேன். மெத்தையைச் சுருட்டிப் பரணில் போட்டேன். டி.வி.யை எடுத்துத் துணி போட்டு மூடிவிட்டு அதன்மேல் மாதா சுரூபத்தை வைத்தேன். இனியா கொஞ்சம் அழுதாள். அவரை முன்னறையில் படுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அதற்கு உன் மாமா, "நா மாதா கோயில்ல பொண்ணு எடுத்தனா, மடத்துல எடுத்தனா?" என்று கேட்டுவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு போனார்.

பக்கத்து வீட்டு தாஜ் நிஷாவை உனக்குத் தெரியும், மங்கலம்பேட்டைக்காரி, வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறாரே அவள்தான். மதில்மேல் எட்டிப் பார்த்து, "எங்க நோம்பகூட சாயங்காலம் தெறந்துடுவோங்க. நீங்க எப்பத்தான் தெறப்பீங்க?" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

ஆனால் அமலி, கோயிலில் என்னைப் பார்க்கிற பார்வை மாறியிருக்கிறது. முழங்காலிலேயே பூசை முழுக்க இருக்கிறேன் என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை பானுமதி அக்கா தானாகவே வந்து என் கையைப் பிடித்து, "எம் பொண்ணுக்காவ நீயும் வேண்டிக்கம்மா" என்றார். 'நீயும்' என்றார். 'நீதான்' என்று ஒருநாள் சொல்வார்.

ஜெசிந்தா

•

கார்மேல் மடம்
12 அக்டோபர் 2023

அக்கா,

சுகம் விசாரிக்கவே பயமாக இருக்கிறது. உன் கடிதத்தை மதரிடம் காட்டினேன். அவர் அனுமதியோடுதான் உடனே எழுதுகிறேன்.

இங்கே யாரும் தானாக ஒருசந்தியைக் கூட்டிக்கொள்ள முடியாது. கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் கேட்க வேண்டும். நீ யாரிடம் கேட்டாய்? சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாயா? நாள் முழுக்கப் பொம்மைத் தட்டுகளைத் தூக்கி இறக்குகிறவள் நீ. தயவுசெய்து காலையில் ஏதாவது சாப்பிடு. மாமாவை உள்ளே கூப்பிடு.

இனியா இராத்திரி யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள்? இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

அமலி

•

விருத்தாசலம்
27 நவம்பர் 2023

அமலிக்கு,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உன்னைக் கவனிக்க ஒரு மதர் இருக்கிறார்.

கோபம் ஆறட்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. ஆறவில்லை.

நான் உனக்கு எழுதியதை எப்படி நீ அவரிடம் காட்டலாம்? நீ செய்தால் அது தவம், நான் செய்தால் யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டிய பைத்தியம், அதுதானே? சின்ன வயதில் எந்தத் தின்பண்டத்தைப் பிட்டாலும் பெரிய பாதியை உன் பக்கம் தள்ளுவேன். அந்த ஞாபகத்தில் கடவுளையும் அக்கா நம் பக்கமே தள்ளிவிடுவாள் என்று இருந்துவிட்டாய். இப்போது நான் என் பங்கைக் கேட்டு வந்து நின்றதும் உனக்குப் பொறுக்கவில்லை. 'சாப்பிடு, தூங்கு, புருஷனைக் கவனி' என்கிறாய். அதாவது, நீ மேலே போ அமலி, நீ அடுப்படியிலேயே இரு ஜெசிந்தா.

இன்னொன்று. உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். என் தலைவலிக்கு ஒரு வரி. இனியாவின் பல்லுக்கு மூன்று வரி. என் பிள்ளைக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாதா? உலகத்தையே விட்டுவிட்டுப் போனவளுக்கு இந்த உலகத்துப் பிள்ளையின் சடையும் பல்லும் எதற்கு?

இனி அவளைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். அதையும் உன் தவத்தில் சேர்த்துக்கொள். அப்பத் துண்டுகளும் அனுப்ப வேண்டாம். நீ அனுப்பியதை நான் அவளிடம் கொடுக்கவே இல்லை.

ஜெசிந்தா

•

விருத்தாசலம்
11 பிப்ரவரி 2024

அமலிக்கு,

சளி, இருமல் இல்லாமல் இருக்கிறாயா? பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தாய். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் உங்களுக்குக் கடிதம் இல்லை என்பது தெரிந்தும், நீ என்னை அலட்சியம் செய்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் கழிந்து நீ அனுப்பிய வாழ்த்து அட்டையிலும் பெயர் மட்டும்தான் இருந்தது. அதனால்தான் பொங்கல் லீவில் திடீரென்று கிளம்பி வந்தேன். வந்தும் சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். பேசாததை எழுதுகிறேன்.

நான் வேறு ஒருத்தியைப் பார்க்க வந்திருந்தேன். எலும்பும் தோலுமாக, கண் உள்ளே போய், பேசக்கூடத் தெம்பில்லாத ஒருத்தியை. சந்திக்கும் அறையில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் திரை விலகியது. கன்னம் உப்பி, மோவாய் மடிந்து, சிரித்துக்கொண்டு நீ வந்து உட்கார்ந்தாய். எனக்கு ரவிக்கை தோளில் நிற்காமல் ஊசி குத்தியிருந்தேன்.

என்னைப் பார்த்ததும் உன் சிரிப்பு நின்றது. ஆனால் நீ முதலில் கேட்டது, "இனியா வரலியாக்கா?"

"ஸ்கூலு" என்றேன். பொங்கல் லீவு என்பது உனக்கும் தெரியும். உன் பார்வை எனக்குப் பின்னால் இருந்த கதவுக்குப் போய்விட்டு வந்தது.

வெளியே வந்தவளைக் கொர்னேலியா சிஸ்டர் விடவில்லை. கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னார், "ஒங்க தங்கச்சியும் மொத வருசம் இப்படித்தாம்மா. சாப்பாட்ட மறைச்சு வெச்சுட்டு, ஒருநாளு கெணத்தடியில வுழுந்துட்டாங்க. அதுலேருந்துதான் தெனமும் முட்டையும் பாலும் சாப்புடணும்னு மதரு சொல்லிட்டாங்க. மொதல்ல அழுதுகிட்டே சாப்புடுவாங்க. இப்ப சிரிச்சுகிட்டே சாப்புடறாங்க."

பஸ்ஸில் ஏறியும் அதுவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் இத்தனை மாதம் பட்டினி கிடந்து எட்டிப் பிடிக்கப் பார்த்த இடத்தை நீ எப்போதோ தாண்டிப் போயிருக்கிறாய். அதை எனக்குச் சொல்லவும் இல்லை. முட்டை தின்றால்கூட உனக்கு அது கீழ்ப்படிதல், அதற்கும் ஒரு புண்ணியம். நான் தின்றால் அது முட்டைதான்.

புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. இந்த முறை வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் மட்டும்.

ஜெசிந்தா

•

விருத்தாசலம்
10 மார்ச் 2024

அமலி,

தவக்காலத்தில் இதை உன் கையில் தர மாட்டார்கள் என்று தெரியும். கொர்னேலியா சிஸ்டருக்கு போன் செய்து, மதரிடம் சொல்லி இதை உன்னிடம் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனியா இப்போது வீட்டில் இருக்கிறாள், தூங்குகிறாள், ஆபத்து ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை பள்ளியில் காலைப் பிரார்த்தனையில் நின்றுகொண்டிருந்தவள் மயங்கி விழுந்திருக்கிறாள். படிக்கட்டு விளிம்பில் நெற்றி பட்டுப் பிளந்துவிட்டது. கம்பெனிக்கு போன் வந்தது. கையில் இருந்த களிமண்ணோடு ஓடினேன். தையல் போட்டு, குளுகோஸ் ஏற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டரம்மா கண் இமையை இறக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "கொழந்தைக்கு ரத்தமே இல்ல. வூட்ல சோறு போடறீங்களா இல்லியா?"

போட்டேன் அமலி. ஆக்கி வைத்தேன். அவள் சாப்பிட்டாளா என்று பார்க்கத்தான் நான் அங்கே இல்லை. மத்தியானச் சோற்றைப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாள். இராத்திரி நான் கதவைச் சாத்திக்கொண்டு செபத்தில் இருப்பேன், அவருக்கு ஷிப்ட். தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தெரு நாய்க்குப் போட்டிருக்கிறாள். எத்தனை நாளாக என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை.

"ஏண்டி சாப்புடல?" என்றேன்.

"ஒருசந்தி."

"யாருடி ஒன்ன இருக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. சித்தி ஒருசந்தி இருந்தாங்கன்னு எப்பப் பாரு சித்தி பேச்சே பேசற. நீ ஒருசந்தி இருக்கறன்னு எல்லாரும் ஒன்னியே பாக்கறாங்க. சாப்புடறவங்கள நம்ம வூட்ல யாரு பாக்கறாங்க?"

உன் மாமா சுவர் ஓரமாக நின்றிருந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சூளைச் சூட்டில் கை வெந்தபோதுகூட அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை.

பொய் சொல்ல மாட்டேன். அந்த நேரத்திலும் என் மனதில் முதலில் வந்தது, 'அமலிக்குத் தெரிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்' என்பதுதான். பிள்ளையின் நெற்றியில் ரத்தம் காயவில்லை, எனக்கு உன்னோடுதான் போட்டி. அதை நினைத்ததும் என் உடம்பே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தாஜ் நிஷா பாலும் பன்னும் கொண்டு வந்தாள். இனியா வாயைத் திறக்கவில்லை. "அம்மா சாப்புட்டா நா சாப்புடறேன்" என்றாள். தவக்கால வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டிலில், எல்லோரும் பார்க்க, ஒரு பன்னை இரண்டாகப் பிட்டு நாங்கள் தின்றோம். அவள் ஒரு வாய் கடிப்பாள், நான் கடித்தேனா என்று பார்ப்பாள், பிறகு மென்று விழுங்குவாள்.

நேற்று சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன்மேல் உள்ள எரிச்சலையும் சேர்த்துத்தான். பாஸ்கா வரைக்கும் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று பாவத்துக்கு அபராதம் கொடுத்தார்.

"அவ்ளோதானா சாமி?" என்றேன்.

"மொதல்ல அதச் செய்யி, பாப்பம்" என்றார்.

ஜெசிந்தா

•

கார்மேல் மடம்
16 மார்ச் 2024

அக்கா,

மதர் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். பதில் எழுதவும் சொன்னார். நீ சாப்பிடுகிறாயா?

எந்தப் பக்க நெற்றி? எத்தனை தையல்? முடி இறக்கி வாரினால் மறையுமா? தையல் பிரிக்கும்போது வலிக்குமே, யார் கூட இருப்பார்கள்? அவள் இடது பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறவள், காயம் அந்தப் பக்கம் இல்லையே? இரும்புச் சத்து மருந்து கசக்கும், வெல்லம் கொடு. பேரீச்சம்பழம் தின்பாளா? இராத்திரியில் பயந்து எழுந்திருக்கிறாளா?

பாஸ்கா வாரத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று மதர் சொல்லிவிட்டார்.

வேறு எழுத வரவில்லை.

அமலி

•

விருத்தாசலம்
9 ஏப்ரல் 2024

அன்பு அமலி,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உன்னோடு இருக்கட்டும். நாங்கள் மூவரும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உன் மாமாவுக்கு வெயிலில் கொஞ்சம் வயிற்று வலி, சீரகத் தண்ணீரில் சரியாகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உன்னைச் சந்திக்கும் மடத்துப் பார்லருக்குப் போகிறோம் என்றதும் இனியா, "சித்திக்கு முடியே தெரியாதே, அங்க எதுக்குப் பார்லரு?" என்று கேட்டாள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தோம். உள்ளே வந்ததும் அவள் கம்பி இடைவெளியில் கையை நீட்டினாள். நீ பிடித்துக்கொண்டாய். தையல் தழும்பைத் தொட்டுப் பார்த்தாய். வாயைத் திறக்கச் சொல்லிப் புதுப் பல்லைப் பார்த்தாய். அவள் டீச்சர், மறைக்கல்வி, தெருவில் குட்டி போட்ட ஆடு என்று கொட்டினாள். நானும் உன் மாமாவும் அங்கே இருந்தது உங்கள் இருவருக்கும் ஞாபகம் இல்லை.

சந்திப்பு நேரம் முடிந்து மணி அடித்தது. மணிச் சத்தம் கேட்ட உடனே எழுந்துவிடுவாள் என்று கொர்னேலியா சிஸ்டர் உன்னைப் பெருமையாகச் சொல்வார். நீ எழவில்லை. பிள்ளையின் கையை விடவும் இல்லை. உள்ளேயிருந்து ஒருவர் வந்து உன் தோளைத் தொட வேண்டியிருந்தது. அப்போது நீ தலை தூக்கி என்னைப் பார்த்தாய்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும் அமலி. ஒரு வருடமாக நான் உன்னைப் பார்த்தது அப்படித்தான்.

நான் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "வாடி, பஸ்ஸு போயிடும்" என்று என் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தேன். வேண்டுமென்றே 'என் பிள்ளை' என்பது தெரிகிற மாதிரி பிடித்தேன். பஸ்ஸில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை நீயே ஆசைப்படுகிறாய். உளுந்தூர்பேட்டை வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. பிறகு இனியா என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். அந்தப் பாரம் காலில் இறங்க இறங்க, அந்த நேரத்தில் நீ எங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருப்பாய் என்று நினைத்தேன். மங்கலம்பேட்டை வரும்போது அழுதுகொண்டிருந்தேன். உன் மாமா என்னவென்று கேட்டார். தூசி என்றேன்.

மெத்தையைப் பரணிலிருந்து இறக்கிவிட்டோம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். கொஞ்சம் செபிக்கிறேன், முன்னைப்போல இல்லை. சில நாள் அது ரொம்பக் குறைச்சலோ என்று தோன்றும். அப்போது இனியா சாப்பிடக் கூப்பிடுவாள், எழுந்து போய்விடுவேன்.

ஜெசிந்தா

•

கார்மேல் மடம்
5 மே 2024

அன்புள்ள அக்கா,

தேவ தாயின் பாதுகாப்பில் நீங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள். நானும் நலம்.

இங்கே வெயில் கடுமை. தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. என்னைச் சமையல் கட்டிலிருந்து மாற்றித் தோட்டத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கத்தரிச் செடிகளுக்கு எறும்பு வந்தது, சாம்பல் தூவினோம். மதருக்கு மூட்டு வலி. கொர்னேலியா சிஸ்டர் உங்களை விசாரித்தார். உன் கடிதத்தை இருமுறை வாசித்தேன்.

நீ மூன்று வேளையும் சாப்பிடுவது எனக்கு நிம்மதி. மாமாவுக்கு என் வணக்கம்.

கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக.

அமலி

•

விருத்தாசலம்
22 மே 2024

என் அமலிக்கு,

மதரின் மூட்டு வலிக்கு நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடு. கத்தரிச் செடி பிழைத்ததா? இங்கே எல்லோருக்கும் வேர்க்குரு, மற்றபடி சுகம்.

உன் கடிதத்தைப் பிரித்ததும் ஒரு மூச்சில் படித்தேன். எறும்பு இருந்தது, சாம்பல் இருந்தது, கிணறு இருந்தது. இனியா இல்லை. பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். புதுநன்மைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எழுதிய கடிதத்தில் நீ அவள் பெயரைக்கூட எழுதவில்லை.

உன் மாமாவிடம் காட்டினேன். "வேல ஜாஸ்தியா இருந்திருக்கும்" என்றார். அவருக்குத் தெரியாது. உன்னை வளர்த்தவள் நான், எனக்குத் தெரியும். அவளைக் கேட்காமல் இருப்பது என்று முடிவு செய்திருக்கிறாய். உன் ஆசைக்குத் தண்டனையாகவோ, இல்லை எனக்கு உறுத்தக்கூடாது என்றோ. மறுபடியும் சாப்பாட்டை மறைத்து வைக்கத் தொடங்கியிருக்கிறாய்.

வேண்டாம் அமலி. எனக்காக என்றால் அந்தக் காணிக்கையை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். கடவுளுக்காக என்றால் முதலில் மதரிடம் வாய்விட்டுச் சொல். இது பட்டினியில் விழுந்து எழுந்தவள் சொல்வது, கேள்.

நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை நடந்தது. வெள்ளைக் கவுன், தலையில் பூ வளையம். தழும்பு மறையவில்லை, நான் மறைக்கவும் இல்லை. வரிசையில் மூன்றாவதாகப் போனாள். நன்மை வாங்கிக்கொண்டு திரும்பும்போது எங்கள் பெஞ்சைத் தேடினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும்தான் கண்ணை மூடி முழங்காலிட்டாள். உன் மாமா மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். மத்தியானம் தாஜ் நிஷா பிரியாணி ஆக்கினாள், பானுமதி அக்கா மகளோடு வந்தார். மகளுக்கு வரன் அமைந்துவிட்டது. "ஒங்க ரெண்டு பேர்ல யாரு வேண்டினதுன்னு தெரியல, போம்மா" என்றார். எனக்கு லேசாகச் சுருக்கென்றது, நானாக இருக்கட்டும் என்று தோன்றியது. அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். இனியா இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.

உனக்குப் படிக்கப் படிக்க வலிக்கும். எனக்கும் எழுதும்போது ஒரு பெருமை எட்டிப் பார்க்கிறது, அதை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். மாதம் ஒருமுறை அவளைப் பற்றி எழுதுவேன். நீ பல், சடை, மருந்து எல்லாம் கேட்க வேண்டும்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு கவுனைக் கழற்றாமலே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எல்லாரும் வந்தாங்க, சித்தி மட்டும் வரல. சித்திக்கு எப்பம்மா லீவு வுடுவாங்க?" என்று கேட்டாள். அவள் இப்போது கடிதத்தை எழுத்துக்கூட்டாமல் தானாகவே படித்துவிடுவாள். அவள் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டு நீயே சொல்.

உன் அக்கா,
ஜெசிந்தா